வறுமை பெற்ற பிள்ளைகள் அல்லர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கிய விழாவில் பேச்சாளர் ஒருவர் பாரதியாரையும் டாக்டர் இராதாகிருஷ்ணனையும் ஒப்பிட்டு ஒரு மணி நேரம் முழங்கினார். அவர் உரையின் சாரம் இதுதான்: தாயை இழந்து, தந்தையை இழந்து, பசியிலும் துயரிலும் வளர்ந்தமையால் ஒருவர் கவிஞரானார், அமைதியான இல்லத்தில் ஒழுங்கோடு வளர்ந்தமையால் மற்றவர் தத்துவ அறிஞரானார், இருவருமே ஏழைகள், ஏழ்மையே இருவரையும் உயர்த்திற்று, ஆகவே நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தம் ஏழ்மையைச் சாக்காகச் சொல்லலாகாது. அரங்கம் கைதட்டிற்று. முன் வரிசையில் அமர்ந்திருந்த நானும் தட்டினேன். கோலா கங்சாருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தல்தான் இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

ஒரு பேச்சாளரோடு முடிந்துபோகும் செய்தியாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன். பேச்சுப் போட்டிகளில் நடுவராக அமர்ந்து பழகியவர்கள் அறிவார்கள்: பாரதியாரைப் பற்றிப் பேசவரும் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பிள்ளைகள் வறுமையின் மடியில் பிறந்தவர் என்றுதான் தொடங்குவார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாம். அதே நாம்தாம் மறுநாள் ஆசிரியர் அறையில் அமர்ந்து, பாடத்தில் பின்தங்கிய ஒரு பிள்ளையைச் சுட்டி, “அவன் குடும்பமே சரியில்லை, என்ன செய்தும் பயனில்லை” என்கிறோம். இறந்துபோன பெரியவர்களுக்கு வறுமை தாய். நம் கண் முன்னே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதே வறுமை தீராத நோய். ஒரே வாயில் இவ்விரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். இரண்டுமே பொய் என்பது என் கட்சி.

முதலில் எட்டயபுரத்தைப் பார்ப்போம். 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த சுப்பையாவின் தந்தை சின்னசாமி ஐயர் கூலிக்காரரல்லர். எட்டயபுரம் சமஸ்தானத்தில் மதிப்புடன் இருந்தவர். கணிதத்திலும் இயந்திர நுணுக்கத்திலும் ஈடுபாடு கொண்டவர். அந்தச் சின்னஞ்சிறு ஊரில் பருத்தி ஆலை நிறுவத் துணிந்தவர். மகன் கணக்கும் ஆங்கிலமும் கற்றுப் பெரும் பதவிக்குப் போகவேண்டும் என்று அவர் விரும்பினார். மகனுக்கோ தமிழ்ச் செய்யுளில் நாட்டம். தாய் இலட்சுமி அம்மாள் 1887இல் இறந்தபோது பிள்ளைக்கு ஐந்து வயது. அந்த இழப்பு பெரிதுதான். நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்த ஊரைக் கவனியுங்கள். அரண்மனையில் புலவர்கள் இருந்தார்கள். செய்யுள் இயற்றினால் கேட்டுத் தலையசைக்கவும் பிழை கண்டால் திருத்தவும் ஒரு சபை இருந்தது. பதினொரு வயதுச் சிறுவன் அச்சபையில் தன் திறத்தைக் காட்டி 1893இல் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றான். இதை என் ஆசிரிய நண்பர்கள் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை உயிரோடிருந்தார், வீட்டில் அடுப்பு எரிந்தது, பட்டம் கொடுக்கப் பெரியவர்கள் இருந்தார்கள். பேச்சாளர் சொன்ன அநாதை நிலை வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கவிஞர் வந்துவிட்டார்.

பிறகு திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் 1894 முதல் 1897 வரை ஆங்கிலக் கல்வி. அந்தக் கல்வியைப் பாரதியார் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றுப் பாடலில் மிகக் கடுமையாகச் சாடினார். தந்தையின் பொருள் கரைந்ததையும் தமக்கு நன்மை விளையாததையும் மனம் நொந்து பாடினார். அவருடைய கோபம் நியாயமானதே. ஆயினும், ஷெல்லியைப் படித்துத் தமக்கு ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் இட்டுக்கொண்டவரும், பின்னர் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கி ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்தில் பிழைத்தவரும் அவர்தாம். வெறுத்த கல்வியும் கைக்கு உதவிற்று. 1898இல் தந்தை மறைந்தார். தந்தையின் ஆலை ஏற்கெனவே நொடித்திருந்தது. மனைவி செல்லம்மாவை மணந்து ஓர் ஆண்டே ஆகியிருந்த பதினைந்து வயதுப் பிள்ளை என்ன ஆனான்? தெருவில் நிற்கவில்லை. காசியில் அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் அழைத்து வைத்துக்கொண்டார்கள். அங்கே வடமொழியும் இந்தியும் கற்றார். அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். அத்தை வீட்டுச் சோறு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த மேடையிலும் எவரும் கேட்டதில்லை. அத்தைக்கு நம் பேச்சுகளில் ஒரு வரிகூடக் கிடையாது. வறுமைக்குத்தான் பத்தி பத்தியாகப் புகழாரம்.

பாரதியாரை உண்மையில் வாட்டிய வறுமை பிள்ளைப் பருவத்தது அன்று. 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் இருந்த காலத்தது, அதற்குப் பிறகானது. அந்த வறுமை அவரைக் கவிஞராக்கவில்லை. அவர் கவிஞராகவும் அரசுக்கு அஞ்சாத பத்திரிகையாளராகவும் இருந்தமையால் அந்த வறுமை வந்தது. விளைவைத் தூக்கிக் காரணத்தின் இடத்தில் வைப்பது நம் மேடைகளுக்குப் பழகிப்போன ஒன்று.

இனித் திருத்தணிக்கு வருவோம். 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த இராதாகிருஷ்ணன் தெலுங்கு பேசும் குடும்பத்தவர். ஊர் நெல்லூர்ப் பக்கத்துச் சர்வேபள்ளி, பிறந்தது திருத்தணி. தந்தை வீராசாமி ஜமீன் ஒன்றில் வருவாய்த் துறையில் சிறு பணியிலிருந்தவர், வருமானம் மட்டு. ஒப்பிட வந்த நம் பேச்சாளர் கண்ணில் படாத ஒற்றுமை இங்கேதான் இருக்கிறது. ஒருவருடைய தந்தையும் ஜமீன் நிழலில் உண்டவர்; மற்றவருடைய தந்தையும் அப்படியே. இருவருமே அந்தணக் குடும்பத்தார். இருவருமே பள்ளிப் பிள்ளைகளாக இருக்கும்போதே மணமுடிக்கப்பட்டவர்கள். இருவருமே ஆங்கிலம் கற்க ஊர்விட்டு ஊர் அனுப்பப்பட்டவர்கள். துயர் நிறைந்த இல்லம், அமைதி நிறைந்த இல்லம் என்று பேச்சாளர் கோடு கிழித்தாரே, அந்தக் கோட்டுக்கு இருபுறமும் இருந்தது ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பம்! வேறுபாடு பெற்றோரின் ஆயுளில் இருந்தது.

இராதாகிருஷ்ணன் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசு கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்தார். படிப்பு முழுவதும் உதவித்தொகையால் நடந்தது. அவர் தத்துவம் படித்த வரலாறு பலரும் அறிந்தது: அதே கல்லூரியில் தேறி வெளிவந்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார், புதுநூல் வாங்க வசதியில்லாத மாணவர் அந்நூல்கள் எந்தப் பாடத்துக்கு உரியனவோ அந்தப் பாடத்தையே எடுத்துக்கொண்டார். “பார்த்தீர்களா, வறுமைதானே அவரைத் தத்துவ அறிஞராக்கிற்று!” என்று எதிர்க்கட்சியார் இங்கே துள்ளி எழுவார்கள். பொறுங்கள். வறுமை செய்தது மற்றக் கதவுகளை அடைத்தது. திறந்திருந்த ஒரு கதவைத் திறந்து வைத்தவை உறவினர் கொடுத்த நூல்கள். அந்த நூல்களை எடுத்துவிட்டு வறுமையை மட்டும் வைத்துப் பாருங்கள். திருத்தணியில் இன்னொரு கணக்கப்பிள்ளை கிடைத்திருப்பார்.

நூலோடும் முடியவில்லை. கிறித்துவக் கல்லூரியில் இந்து சமயத்தின் மேல் மிஷனரி ஆசிரியர்கள் வைத்த கண்டனங்களே தம்மை வேதாந்தத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டின என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். முதுகலைப் பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வு 1908இல் நூலாயிற்று. அந்த ஆய்வைப் பாராட்டியவர் அதே கல்லூரியின் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். மாணவன் தம்மோடு மாறுபடுகிறான் என்று தெரிந்தும் பாராட்டிய அந்த ஆசிரியரின் பெருந்தன்மையை நம் பயிற்சிக் கல்லூரிகளில் ஒரு பாடமாகவே வைக்கலாம். 1962 முதல் செப்டம்பர் 5 இந்தியாவில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நமக்கு மே 16. எந்நாளாயினும், அந்நாளில் நாம் மாலை சூட்டுவது ஆசிரியராகிவிட்ட இராதாகிருஷ்ணனுக்கு. மாணவ இராதாகிருஷ்ணனைத் தூக்கிவிட்டவர்களுக்கு மாலை ஏது?

துயரம் கவிஞரைப் பெறுகிறது என்னும் கொள்கைக்கு இன்னொரு கேள்வி. தாயை இழப்பது கவிதைக்கு வித்தானால், மலேரியாவும் பிரசவமும் தாய்மார்களைக் கொண்டுபோன அக்காலத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு பாரதி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையே, ஏன்? நம் பாட்டன்மார் அறிவில் குறைந்தவர்களா? பால்வெட்டிக்கொண்டே பாட்டுக் கட்டியவர்களை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டை எழுதிவைக்க ஒரு கை இல்லை. கேட்டுத் திருத்த ஒரு சபை இல்லை. பதினொரு வயதில் பட்டம் கொடுக்க எவருமில்லை. பதினொரு வயதில் அவர்களுக்குக் கிடைத்தவை ஒரு வாளியும் ஒரு நிரையும்.

இங்கே ஒன்றைக் கூசாமல் சொல்லிவிட வேண்டும். அந்தணக் குடும்பத்தில் பிறப்பது என்றால், வீட்டில் காசு இல்லாவிட்டாலும் எழுத்து இருக்கும் என்பதே அன்றைய நிலை. ஏடும் ஓதலும் தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து. பெற்றவர்கள் மேல் குறை சொல்லவில்லை. பாரதியாரே அந்தச் சொத்தை எல்லோருக்கும் பங்கிட வேண்டும் என்று போராடியவர். ஆனால் கடல் கடந்து இங்கே வந்தவர்களில் மிகப் பலர் அச்சொத்தில் ஒரு காசும் பெறாதபடி விலக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள். காசில்லாத வறுமை வேறு. எழுத்தே இல்லாத வறுமை வேறு. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டுவிட்டு, “அவர்கள் உயர்ந்தார்களே, நீ ஏன் உயரவில்லை?” என்று பிள்ளையைக் கேட்பது அறமாகுமா?

பள்ளிப் படிப்பு மிகக் குறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டில் உயரவில்லையா என்று கேட்பார்கள். உயர்ந்தார், 1959இல் இருபத்தொன்பது வயதில் மறைவதற்குள் தமிழ்நாட்டின் நாவிலெல்லாம் அமர்ந்தார். ஆனால் அவர் தந்தையார் தாமே செய்யுள் இயற்ற வல்லவர். எழுத்தறிவித்தவர் உடன்பிறந்த அண்ணன். பின்னர்ப் பாவேந்தர் பாரதிதாசனின் அருகிருந்து கற்கும் பேறும் கிடைத்தது. பள்ளிப் படிப்புதான் குறைவு, ஆசிரியர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். எதிர்க்கட்சியார் எந்த எடுத்துக்காட்டைக் கொண்டுவந்தாலும் சற்றே துருவினால் உள்ளே ஓர் அத்தை, ஓர் அண்ணன், ஒரு பழைய பாடநூல் இருப்பதைக் காணலாம்.

நான் வாழும் ஊரில் இதற்கு வேறு சான்றுகளும் உண்டு. 1877இல் சர் ஹியூ லோ கோலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. முளைக்காத விதைகளைப் பார்த்து, இவற்றின் குலம் சரியில்லை என்று எந்தத் தோட்டக்கலைஞரும் எழுதிவைக்கவில்லை. பயணம் நீண்டது, விதை உலர்ந்தது என்றார்கள். முளைத்தவற்றைக் கண்ணாடி வீட்டில் வைத்துக் காத்தார்கள். அந்த மரத்தின் வழித்தோன்றல்களைச் சீவப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நீதிகூடக் கிடைக்கவில்லை.

அதே ஊரில் 1905இல் மலாய்க் கல்லூரி தொடங்கப்பட்டது. அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் பெருங்குடிப் பிள்ளைகளையும் ஆட்சிப் பணிக்கு ஆயத்தப்படுத்த ஆங்கிலேயர் அமைத்த பள்ளி அது. பிற்காலத்தில் எளிய குடும்பத்தவர்க்கும் திறந்துவிடப்பட்டது. விடுதி, விளையாட்டுத் திடல், இங்கிலாந்திலிருந்து ஆசிரியர்கள். ஒரு பிள்ளை அறிவாளியாக வளர என்னென்ன வேண்டும் என்பது ஆங்கிலேயருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. அப்படித் தெரிந்தவர்கள்தாம் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை. ஆசிரியர் சில இடங்களில் கங்காணி, சில இடங்களில் கிராணி. வறுமை மேதைகளை வளர்க்கும் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், அரசிளங்குமரர்களையும் அந்தக் கொட்டகைக்கே அனுப்பியிருப்பார்களே!

1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். கொட்டகை போய்க் கட்டடம் வந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்துக் குடும்பங்கள் நகர்ப்புற மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டது. இத்தனையும் மாறின; ஆசிரியர் அறையில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறவில்லை.

பிறரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. பயிற்சிக் கல்லூரியில் மரபும் சூழலும் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கி, இளம் ஆசிரியனாகத் தோட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்த புதிதில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் குறிப்பேட்டில், “குடும்பச் சூழல் சரியில்லை, முன்னேற வாய்ப்புக் குறைவு” என்று என் கையாலேயே எழுதினேன். வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளை அவன். தாய்க்கு உடல்நலம் குன்றிய நாள்களில் மரத்தடியில் பால் எடுக்கப் போயிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து இறங்கி, “வணக்கம் சார்” என்றான். எடைச் சீட்டைப் பார்த்து, கழிவு போக வரவேண்டிய பணத்தை மனக்கணக்காகவே சொல்லிவிட்டு, ஆலைக் கணக்கில் பிழையிருக்கிறது என்று சிரித்தான். நான் தாளெடுத்துப் போட்டுப் பார்த்தேன். அவன் கணக்கே சரி. சின்னசாமி ஐயர் தம் மகனிடம் தேடிக் கிடைக்காத கணக்குத் திறம் அந்த லோரிப் படியில் நின்றுகொண்டிருந்தது.

குடும்பப் பின்னணியே ஒருவனை ஆக்குகிறது, அழிக்கிறது என்போருக்கு என் வீட்டையே காட்டுகிறேன். என் தமக்கை என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே லயம், ஒரே அடுப்பு, ஒரே பெற்றோர். தோட்டப் பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பதில் அவளுக்கு நிகரில்லை. நான் திணறும் பாட்டை அவள் ஒருமுறை கேட்டதும் ஒப்பிப்பாள். கிராணி வீட்டிலிருந்து பழைய ‘தமிழ் நேசன்’ தாள்களை வாங்கிவந்து முதலில் படிப்பவளும் அவளே. ஆறாம் வகுப்போடு நின்றாள். விடிவதற்கு முன் பெற்றோர் வெட்டுக்குப் போனால், கடைக்குட்டியை ஆயாக் கொட்டகையில் விட்டு மதியச் சோறு பொங்க ஆள் வேண்டுமே. அடுத்த சில ஆண்டுகளில் புல் வெட்டப் போனாள். எனக்குப் புகுமுக வகுப்புக்கு இடம் கிடைத்தபோது பட்டணத்துக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை. எங்கள் தலைமையாசிரியர் ஓராண்டு தம் பையிலிருந்து கொடுத்தார். பெண்பிள்ளைக்குக் கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை. ஒரே குடும்பப் பின்னணியிலிருந்து ஒரு தலைமையாசிரியனும் ஒரு புல்வெட்டுக்காரியும் வந்தார்கள். இடையில் இருந்தது ஓராண்டுப் பேருந்துக் கட்டணம்.

இப்போது என் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாணவர் குறிப்பேட்டில் குடும்பச் சூழல் என்ற இடத்தில் ‘சரியில்லை’ என்று எழுத எந்த ஆசிரியரையும் விடுவதில்லை. என்ன இல்லை என்று எழுதச் சொல்கிறேன்: உட்கார்ந்து எழுத மேசை இல்லையா, மாலையில் வீட்டில் ஆள் இல்லையா, பள்ளிப் பேருந்துக்குக் காசு இல்லையா, படித்துக் காட்ட நூல் இல்லையா? இல்லாததன் பெயர் தெரிந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ பழைய மாணவர்களிடமோ கேட்கலாம். சில வேளைகளில் கிடைத்துவிடுகிறது. இளம் ஆசிரியர் சிலர் இதை வீண் வேலை என்று முணுமுணுக்கிறார்கள் என்பது என் காதில் விழாமல் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே எழுதட்டும். பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுக்கும் உரைகளிலும் வறுமையின் மடி என்பதை நான் அடித்துவிடுகிறேன். சென்ற முறை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த இடத்தில் குப்பம்மாள் அத்தையைப் பற்றி மூன்று வரி பேசினாள். பரிசு கிடைக்கவில்லை, உரை வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்றார் நடுவர்.

தமக்கைக்கு அறுபது நெருங்குகிறது. பள்ளி விழாக்களுக்குத் தவறாமல் வருவாள். நாற்காலி போட்டு முன்வரிசைக்கு அழைத்தாலும் வரமாட்டாள். பின்வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மேடையில் ஒரு பிள்ளை பாட்டின் அடியை மறந்து திகைத்து நிற்கும்போது, அவள் உதடுகள் அசைவதை நான் மேடையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.